கறுப்புத் தகடு

வெள்ளிமணற்குடா, மன்னார்
09.10.2023

அன்பின் அண்ணா,

செபஸ்தியார் துணையால் நானும் பள்ளிக்கூடமும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? கமலா அண்ணி இன்னும் அந்த முதியோர் இல்லத்தில் இரவு வேலைதானா? இரண்டு பேரையும் மாதா காக்கட்டும்.

போனில் கதைத்தால் நீங்கள் "ஓம்", "சரி", "இந்தா அண்ணியிட்டைக் குடுக்கிறன்" என்ற மூன்றோடு நின்றுவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் உங்களுக்கு வாய் திறக்கிறது. அதனால் உலகம் சிரித்தாலும் நான் தபால் முத்திரை வாங்குவதை நிறுத்தமாட்டேன்.

நீங்கள் செய்த தண்ணீர் மெசின் வந்து சேர்ந்தது. ஒஸ்லோவில் உங்கள் பட்டறையிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த எங்கள் யூலியன் தன் உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, சோலார் தகட்டைக் கூரையில் ஏற்றி, கிணற்றுத் தண்ணீர் தாங்கிக்குப் போகிற குழாயில் அதைப் பொருத்திப் பூட்டியும் தந்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. சோதனைத் தாளை நனைத்தால், தண்ணீர் சுத்தம் என்பதற்கு நீங்கள் சொன்ன ரோஸ் நிறம் வருகிறது.

பிள்ளைகளுக்குத்தான் பிடிக்கவில்லை. "ரீச்சர், தண்ணி ஆசுப்பத்திரி மாதிரி மணக்குது" என்று மூக்கைப் பொத்துகிறார்கள். கோயில் சபைத் தலைவர் சூசைரட்ணம் மாஸ்ரரும் கூட்டத்தில் எழுந்து நின்றார். "கறண்டுத் தண்ணியைக் குடிச்சு ஆருக்கும் ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு? நீரோ?" என்று கேட்டார். ஓம், நான்தான் பொறுப்பு என்றேன். பள்ளி அதிபர் கதிரையில் இருந்துகொண்டு வேறு என்ன சொல்வது?

உண்மையில் கரண்ட் எப்படித் தண்ணீரைச் சுத்தமாக்குகிறது? எனக்கும் விளங்கினால் அவருடைய வாயை அடைக்கலாம்.

உங்கள் தங்கை,
மரியமலர்

*

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
02.11.2023

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். முழங்கால் படியில் ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறது. நீ உன் பழைய இருமலைக் கவனித்துக்கொள்.

நீ கேட்டது சின்ன விஷயம். உங்கள் கிணறு கொஞ்சம் உப்புக் கரிக்கும் கிணறு. பெட்டிக்குள் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மின்சாரம் பாயும்போது தண்ணீரில் உள்ள உப்பே உடைந்து குளோரின் ஆகிறது. அதுதான் கிருமியைக் கொல்கிறது. வெளியிலிருந்து மருந்து எதுவும் போட வேண்டியதில்லை. பிள்ளைகள் சொல்கிற மணம் அதுதான். மணக்கட்டும்.

தகடு டைட்டேனியம் என்ற உலோகம். அது தனியே ஒன்றும் செய்யாது. தண்ணீருக்குள் மின்சாரத்தை விட்டால் தன்மேல் தானே ஒரு தோலை வளர்த்து மின்சாரத்தை மறித்துவிடும். ஆகவே அதன்மேல் வேறு உலோகங்களின் கலவையைப் பூசி, சூளையில் சுடுகிறோம். கறுப்பாகத் தெரிகிற பூச்சு அது. மயிரிழையை விட மெல்லியது. வேலையெல்லாம் அந்தக் கறுப்புத்தான் செய்கிறது. எங்கள் பட்டறையில் கப்பல்களின் அடியில் தேங்கும் கடல்நீரைச் சுத்தம் செய்வதற்கு இதே தகட்டைக் கதவளவுக்குச் செய்கிறோம். உனக்கு வந்தது உள்ளங்கை அளவு.

கொஞ்ச நாளில் மற்றத் தகட்டில் சுண்ணாம்பு போல வெள்ளை படியும். கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவு, போதும்.

என் மேலாள் ஆன்ட்ரியாஸ் இந்த மெசினை ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார். சரியாக ஓடினால் மன்னார்க் கரையில் இன்னும் பத்துப் பள்ளிக்கூடங்களுக்குச் செய்து தர பட்டறை சம்மதிக்கும். அதனால் நிறத்தை ஒழுங்காகப் பார்த்து எழுது.

இங்கே குழாயைத் திறந்தால் ஏரித் தண்ணீர் வருகிறது. யாரும் அதைப் பற்றி நினைப்பதே இல்லை.

அன்புடன்,
அருளானந்தன்

*

வெள்ளிமணற்குடா
28.11.2023

அன்பின் அண்ணா,

மாரி பிடித்துக்கொண்டது. தும்மலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே பனி தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள் விளக்கத்தைச் சூசைரட்ணம் மாஸ்ரருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் கொட்டாவி விட்டார், எதிர்ப்பையும் விட்டார். எனக்கும் பாதிதான் விளங்கியது என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கிணற்றில் தண்ணீர் வாய்வரைக்கும் நிற்கிறது. வயல் வெள்ளமும் மாட்டுப்பட்டித் தண்ணீரும் அதற்குள்தான் இறங்குகிறதோ தெரியாது. ஒரு துக்கச் செய்தி: அலுமாரிக்கு மேல் கூரை ஒழுகி, சோதனைத் தாள்கள் எல்லாம் நனைந்து ஒரே கட்டியாகிவிட்டன. மன்னார் ரவுன் கடைகளில் கேட்டால் அப்படி ஒரு சாமான் தெரியாது என்கிறார்கள். உடனே கொஞ்சம் அனுப்புங்கள். பச்சை விளக்கு எரிகிறது, வினாகிரிக் குளிப்பும் நடந்தது.

ஒரு நல்ல செய்தி. எங்கள் இரண்டாம் வகுப்பு நிலூஜா, நெஞ்சில் ஓட்டையோடு பிறந்தவள், கொழும்பில் ஒப்பரேசன் செய்தார்களே, அவள் இப்போது ஓடிப் பிடித்து விளையாடுகிறாள். தாய் லீசா செபஸ்தியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாளாம். பிள்ளை பிழைத்தால் வருகிற திருநாளுக்குக் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் உள்ள உலோகச் சாமான் அத்தனையையும் தன் கையால் மினுக்குவேன் என்று. "ஒரு ஆணியைக்கூட விடமாட்டன் ரீச்சர்" என்கிறாள். சொன்னால் செய்கிற ஆள்.

தாள்களை மறக்க வேண்டாம்.

அன்பு மறவாத தங்கை,
மலர்

*

எல்லிங்ஸ்ருட்
20.12.2023

அன்புத் தங்கைக்கு,

நத்தார் வாழ்த்துகள். இருவரும் சுகம். கமலா இந்த முறையும் நத்தாருக்கு வேலை. நான் புருசெத் பக்கம் தமிழ்ப் பூசைக்குப் போய்வருவேன்.

தாள்களுக்குச் சொல்லியிருக்கிறேன். விடுமுறை முடிந்துதான் வரும். வந்ததும் அனுப்புகிறேன். தை மாதம் முழுக்க எனக்கு ஸ்தவாங்கரில் வேலை. அங்கே நிற்கிற ஒரு கப்பலுக்குத் தகடு மாற்ற வேண்டும்.

அதுவரை விளக்கைப் பார். பச்சை எரிந்தால் பயமில்லை.

அன்புடன்,
அருளானந்தன்

*

வெள்ளிமணற்குடா
23.01.2024

அன்பின் அண்ணா,

திருநாள் ஆசீர் உங்கள் இருவருக்கும் கிடைக்கட்டும். கொடியிறக்கி, காலும் குரலும் போய், ஆனால் மனம் நிறைந்து எழுதுகிறேன்.

இப்படி ஒரு திருநாளை நான் கண்டதில்லை. எல்லாம் லீசாவால். குத்துவிளக்கு, மெழுகுதிரித் தண்டுகள், பவனிச் சிலுவை, பள்ளிக்கூட மணி, என் மேசை இழுப்பறையின் கைபிடி வரைக்கும் புளியும் செங்கற்தூளும் போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கிவிட்டாள். ஆயர் வந்தவர் மணியில் தன் முகத்தைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்தார், என் கண்ணால் கண்டேன்.

உங்கள் மெசினையும் அவள் விடவில்லை. தகடுகளைக் கழற்றிக் கொடு என்றாள், வினாகிரி நாளும் வந்திருந்ததால் கொடுத்தேன். அதில் ஒன்று கறிச்சட்டி அடி மாதிரி இருந்ததே, அந்தக் கறுப்பு லேசில் போகவில்லையாம். புளி தோற்று, செங்கல் தோற்று, கடைசியில் புருசன் றஜீவ் வள்ளம் தேய்க்கிற சொரசொரப்புத் தாளை எடுத்துவந்து பாதி நாள் இருந்து உரஞ்சினாள். திருப்பித் தரும்போது இரண்டும் வெள்ளித்தட்டு. "இப்பதான் ரீச்சர் குடிதண்ணிக்கை வைக்கிற சாமான் மாதிரி இருக்கு" என்றாள். பூட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது.

இன்னொரு புதினம். தண்ணீரில் இப்போது அந்த ஆசுப்பத்திரி மணம் அறவே இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். சூசைரட்ணம் மாஸ்ரரே ஒரு செம்பு குடித்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். பத்துப் பள்ளிக்கூடங்களையும் இப்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன்.

தாள்கள் வந்தபாடில்லை. பரவாயில்லை, விளக்கு இருக்கிறது.

மகிழ்ச்சியுடன்,
மலர்

*

வெள்ளிமணற்குடா
31.01.2024

அன்பின் அண்ணா,

உங்கள் சுகத்துக்கு மன்றாடுகிறேன். எனக்குச் சுகம். ஊருக்குச் சுகமில்லை.

திருநாள் முடிந்ததிலிருந்து பள்ளிக்கூடத்தில் வயிற்றோட்டம். முதலில் சின்ன வகுப்பு, இப்போது எல்லா வகுப்பும். திருநாளுக்கு வெளியூர்ச் சனம் நிறைய வந்தது, அன்னதானக் கறி வெயிலில் இருந்தது, அதனால்தான் என்கிறார்கள். உங்கள் தண்ணீர் இருப்பது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு, வயிறு நொந்த பிள்ளைகளை அதையே அதிகமாகக் குடிக்கச் சொல்கிறேன்.

நிலூஜாவை நேற்றிலிருந்து மன்னார் ஆசுப்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். நெஞ்சு பலவீனமான பிள்ளை, உடம்பில் தண்ணீர் வற்றக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். லீசா கட்டிலுக்குக் கீழே படுக்கிறாள்.

உங்களுக்குப் போன் எடுத்தேன். ஸ்தவாங்கரில் கப்பலின் அடிக்குள் நிற்கிறீர்கள், அங்கே போன் வேலை செய்யாது என்று அண்ணி சொன்னார். அவசரம் ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்தேன்.

மலர்

*

எல்லிங்ஸ்ருட்
18.02.2024

தங்கைக்கு,

நலமறிய ஆவல். நாங்கள் சுகம்.

ஸ்தவாங்கர் வேலை இழுத்து நேற்றுப் பின்னேரம்தான் வீடு வந்தேன். கீழே தபால் பெட்டி நிறைந்து கிடந்தது. உன் இரண்டு கடிதங்களையும் படியிலேயே நின்று வாசித்தேன். திருநாள் கடிதத்தின் நடுப்பகுதியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மேலே ஏறாமல் அங்கேயே நின்று போன் எடுத்தேன். மெசினை நிறுத்து, தண்ணீரைக் கொதிக்கவை என்றேன். நீ "சரி அண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். வழமையாக நான்தான் அப்படி வைப்பவன்.

கறுப்பு அழுக்கல்ல, மலர். நான் எழுதியிருந்தேன். பூச்சு போனதும் வெறும் உலோகம் மின்சாரத்தை மறித்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு துளி குளோரின் உண்டாகியிருக்காது. மணம் போனது அதனால்தான். வெள்ளம் புகுந்த கிணற்றை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

எனக்குக் கோபம்தான். இரண்டு வருடமாக, தினமும் வேலை முடிந்த பிறகு பட்டறையில் தங்கிச் செய்த தகடு. அதை வள்ளம் தேய்ப்பது போலத் தேய்க்கிறவளுக்கு, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதா? இந்தக் கடிதத்தை லீசாவுக்கு வாசித்துக் காட்டு. அவள் செய்த வேலை அவளுக்கே விளங்கட்டும்.

நடந்ததை ஆன்ட்ரியாசுக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். யார், என்று, எதனால் தேய்த்தது என்று விபரமாக எழுதி அனுப்பு. தகடுகளையும் திருப்பி அனுப்பு. தாள்கள் இத்துடன்.

அருளானந்தன்

*

வெள்ளிமணற்குடா
08.03.2024

அன்பின் அண்ணா,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

நீங்கள் போன் எடுத்தபோது நான் சேமக்காலையிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். நிலூஜாவை அன்று பின்னேரம்தான் அடக்கம் செய்தோம். யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள், அங்கே நெஞ்சு தாங்கவில்லை. தண்ணீரால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் சொல்லவில்லை. போனில் உங்களிடம் இதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

உங்கள் கடிதத்தை லீசாவுக்கு வாசிக்கவில்லை. வாசிக்கவும் மாட்டேன்.

கறுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் வாசித்தவள்தான். கொட்டாவி விட்டது மாஸ்ரர் மட்டுமில்லை. அவள் அந்தத் தகட்டை வெள்ளியாக்கிக் கொண்டுவந்து காட்டியபோது எனக்கும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் தேய்த்த கை அவளுடையது. பிள்ளை பிழைத்ததற்கு நன்றியாகச் செய்த வேலை, அண்ணா. அந்த வேலைதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று யாராவது அவளுக்குச் சொன்னால் அவள் அடுத்த நாள் உயிரோடு இருக்கமாட்டாள். நான் மிகைப்படுத்தவில்லை.

சபைக் கூட்டம் வைத்தார்கள். சூசைரட்ணம் மாஸ்ரர் என்னைப் பார்த்து, "உம்மடை கொண்ணன்ரை கறண்டுத் தண்ணிதான் காரணம்" என்றார். நான் எழுந்து, ஓம், மெசின் பழுதாகிவிட்டது, பொறுப்பு என்னுடையது என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கழற்றியாயிற்று. அதிபர் மாற்றம் வரலாம் என்கிறார்கள்.

தகடுகளை அனுப்புகிறேன். விபரம் அனுப்பமாட்டேன். உங்கள் அறிக்கையில் அவளுடைய பெயர் வரக்கூடாது. ஊர்ப் பெண் ஒருத்தி என்றுகூட வரக்கூடாது. யூலியன் வாசிப்பான், அவன் தாய்க்குச் சொல்வான், பிறகு அது நடந்தே இங்கே வந்துவிடும்.

உங்கள் இரண்டு வருடத்தை நான் மறக்கவில்லை. மறக்காமல்தான் கேட்கிறேன்.

மலர்

*

எல்லிங்ஸ்ருட்
07.04.2024

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும் என்று முதல்முறையாக உண்மையாகவே நினைத்து இந்த வரியை எழுதுகிறேன்.

என் கடந்த கடிதத்தைக் கிழித்துவிடு. வெட்கமாக இருக்கிறது.

உன் பொதி வந்ததும் தகடுகளை ஆன்ட்ரியாசின் மேசையில் வைத்தேன். உருப்பெருக்கிக்குக் கீழே கீறல்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக, மூலை முடுக்கெல்லாம். ஒரு இடத்தைக்கூட விடவில்லை. ஆன்ட்ரியாஸ் நல்ல மனிதர். "பாவித்தவர்களின் பிழை என்று ஒரு வரி எழுது, உன் தகடு தப்பிவிடும், பத்து மெசின் வேலையும் தொடரும்" என்றார். அவர் சொன்னது பொய்யுமில்லை.

இரண்டு நாள் அந்த வரியை எழுதவுமில்லை, எழுதாமல் விடவுமில்லை. பிறகு விளக்கை யோசித்தேன். அந்தப் பச்சை விளக்கை நான் சோலார் பக்கத்துக் கம்பியில் பொருத்தியிருந்தேன். அது சுலபமான வழி. வெயில் இருந்தால் எரியும். தகட்டில் மின்சாரம் பாய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. தகடு செத்த பிறகும் அது எரிந்தது அதனால்தான். பச்சை எரிந்தால் பயமில்லை என்று உனக்கு எழுதியதும் நான்தான். தாள்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதும் நான்தான்.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: பூச்சு சேதமடைந்தது, சேதத்தைக் காட்டாதபடி விளக்கு அமைக்கப்பட்டிருந்தது, அமைத்தவர் அருளானந்தன். எப்படிச் சேதமடைந்தது என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஆன்ட்ரியாஸ் அந்த இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பத்து மெசின்கள் இப்போதைக்கு இல்லை. பட்டறைச் சாவியை மட்டும் என்னிடமிருந்து வாங்கவில்லை.

அண்ணன்,
அருளானந்தன்

*

வெள்ளிமணற்குடா
10.05.2024

அன்பின் அண்ணா,

சுகம். அண்ணிக்கு என் அன்பு. நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அறிக்கை பற்றி நீங்கள் எழுதியதை வாசித்து அழுதேன், அது போதும், அதைப் பற்றி இனி எழுதமாட்டேன். மாற்றம் வரவில்லை, இன்னும் அதே கதிரைதான்.

லீசா முந்தாநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "கொண்ணர் திரும்ப ஒரு மெசின் செய்து தருவாரோ?" என்று கேட்டாள். ஊர் விடாது என்றேன். "ஊரை நான் கேக்கிறன். பிள்ளையைக் குடுத்தவள் கேட்டா மாட்டன் எண்டுவினமோ?" என்றாள். பிறகு சொன்னாள்: "வந்தா அதை நான்தான் பாப்பன். வேறை ஆரும் தொடக்கூடாது. இனி ஒரு பிள்ளைக்கும் வரப்படாது."

அதையே நேற்றுச் சபையிலும் எழுந்து கேட்டாள். ஒருவர்கூட மறுக்கவில்லை. சூசைரட்ணம் மாஸ்ரர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். மெசினைப் பார்க்கப்போவது அவள். பார்க்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடமே தகட்டைத் தேய்க்காதே என்பதுதான். அதை நான் எந்த வாயால் சொல்வேன்? உங்கள் குறிப்புத் தாளில் அந்த வரி இருந்தால் அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பாள். வாசித்த அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிடும்.

அந்த வரி தேவைப்படாத ஒரு மெசினைச் செய்ய முடியுமா, அண்ணா?

மலர்

*

எல்லிங்ஸ்ருட்
25.08.2024

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதித்ததற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் சுகம். கோடை முழுக்கப் பட்டறையில் இருந்ததால் முழங்கால் சண்டை பிடிக்கிறது, கமலாவும் கூடவே.

முடியும். செய்துவிட்டேன்.

தகடுகள் இப்போது ஒரு தடித்த குழாய்க்குள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் உருக்கி ஒட்டியது. திறக்க முடியாது, பார்க்கவும் முடியாது. வினாகிரியும் தேவையில்லை. இரண்டு தகட்டுக்கும் பூச்சுப் போட்டிருக்கிறேன். மின்சாரம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். அப்போது படிந்த சுண்ணாம்பு தானாக உதிரும். ஆன்ட்ரியாஸ் தலையாட்டவில்லை. திசை மாற்றினால் பூச்சின் ஆயுள் குறையும், திறக்க முடியாததை யார் பழுதுபார்ப்பது என்று கேட்டார். பழுதானால் முழுக்குழாயையும் மாற்றலாம், நான் அனுப்பிக்கொண்டிருப்பேன் என்றேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவர் கேட்கவில்லை. கடைசியில் ஒட்டுவதற்கு அவரே குழாயைப் பிடித்துத் தந்தார்.

விளக்கு இப்போது தகட்டில் மின்சாரம் பாய்ந்தால்தான் எரியும். ஆனாலும் அதை நம்பாதே. தினமும் தாளை நனைத்துப் பார். லீசாவுக்குச் சொல்லித்தர வேண்டியது அது ஒன்றுதான்.

குறிப்புத் தாளைத் தமிழில் நானே எழுதினேன். நீ சொன்ன வரி அதில் இல்லை.

யூலியன் மீண்டும் வருகிறான், கொண்டுவருவான்.

அண்ணன்

*

வெள்ளிமணற்குடா
06.10.2024

அன்பின் அண்ணா,

உங்கள் முழங்காலுக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு எண்ணெய் நேர்ந்திருக்கிறேன், பூசிக்கொள்ள அனுப்பிவைப்பேன், சிரிக்காமல் பூசுங்கள். நான் சுகம்.

மெசின் ஓடுகிறது. தண்ணீர் மணக்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்கள், பொத்திக்கொண்டே குடிக்கிறார்கள். லீசா காலையில் மணி அடிக்கும் முன்னமே வந்து தாளை நனைத்துப் பார்க்கிறாள். ரோஸ் நிறம் வந்தால்தான் தாங்கியின் குழாயைத் திறந்துவிடுவாள். வராவிட்டால் திறக்கமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதிபர் நான் சொன்னாலும்.

பூட்டிய அன்று நடந்ததை எழுதத்தான் இருந்தேன். யூலியன் போன பிறகு அவளும் நானும் மட்டும் நின்றோம். குறிப்புத் தாளை இரண்டு முறை வாசித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு அந்தக் குழாயைக் காட்டி, "உள்ளை தகடுதானே ரீச்சர்?" என்றாள்.

"ஓம்."

"கறுப்போ?"

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் "அப்ப சரி" என்றாள். சட்டைத் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் குழாயின் மேலிருந்த தூசியைத் தட்டினாள். தேய்க்கவில்லை, தட்டினாள்.

அவளுக்குத் தெரியும், அண்ணா. பெட்டியைக் கழற்றிய அன்றோ, நான் தகடுகளைப் பொதி கட்டிய அன்றோ, எப்போது தெரிந்ததோ. இத்தனை மாதமும் நான் அவளிடமிருந்து மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் அதைத் தெரிந்துகொண்டு, நான் மறைப்பதற்கு இடம் விட்டு நடந்திருக்கிறாள். அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னாள். அதை அவள் சொன்னபடியே உங்களுக்கு எழுதச் சொன்னாள், எழுதுகிறேன்.

"கொண்ணர் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் செய்வாரெல்லோ. எல்லா ஊரிலையும் திருநாள் வரும், எல்லா ஊரிலையும் என்னை மாதிரி ஒருத்தி இருப்பாள். தாளிலை முதல் வரியா எழுதச் சொல்லுங்கோ ரீச்சர், பெரிய எழுத்திலை. கறுப்பு அழுக்கில்லை, தேய்க்கப்படாது எண்டு."

தங்கை,
மரியமலர்